‘அவுட் ஆஃப் மை டெப்த்’: அந்த ‘மை’ எதற்கு?

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2023

அண்ணா, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. போன வாரம் ஒரு மெயில்ல ‘ஐ ஆம் அவுட் ஆஃப் டெப்த் வித் திஸ் ரிப்போர்ட்’னு எழுதினேன். டீம் லீடு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பி அனுப்பினாங்க: ‘மை’. ‘அவுட் ஆஃப் மை டெப்த்’. ஆழம்னா ஆழம்தானே, அதுல என் ஆழம், உன் ஆழம்னு என்ன இருக்கு? அப்புறம், ‘இன் டெப்த்’னு சொன்னா நல்ல விதமா இருக்கு. அப்ப ‘அவுட் ஆஃப் டெப்த்’ அதுக்கு எதிர்ச்சொல்லா?

3 ஜூன், இரவு 10.40

லீடு திருத்தியது சரி தம்பி. அந்த ‘மை’ கட்டாயம் வேண்டும். ஆள் மாறினால் அதுவும் கூடவே மாறும். ‘ஹீ’ என்றால் ‘ஹிஸ்’, ‘ஷீ’ என்றால் ‘ஹெர்’, ‘யூ’ என்றால் ‘யுவர்’.

‘ஐ ஃபெல்ட் அவுட் ஆஃப் மை டெப்த் இன் தட் மீட்டிங்.’ அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது என் அறிவுக்கும் பழக்கத்துக்கும் மிஞ்சிப் போய்விட்டது என்று பொருள். ‘ஷீ வாஸ் அவுட் ஆஃப் ஹெர் டெப்த் இன் தி அட்வான்ஸ்ட் கிளாஸ்.’ மேல்வகுப்பில் போய் உட்கார்ந்த பெண்ணுக்குப் பாடம் பிடிபடவில்லை.

‘இன் டெப்த்’ இதற்கு எதிர்ச்சொல் ஆகாது. அது வேறு கிளை. ஒன்றை மேலோட்டமாக விட்டுவிடாமல் அடிவரை பார்த்தால் ‘இன் டெப்த்’. அங்கே ‘மை’, ‘ஹிஸ்’ எதுவும் வராது.

‘அவுட் ஆஃப் டெப்த்’ என்று ஒன்று ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. இந்த மரபுத்தொடருக்கு எதிர்ச்சொல்லும் கிடையாது. அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொள்.

4 ஜூன், காலை 6.15

தூங்கி எழுந்ததும் தோன்றியது. எந்த வினையோடு சேரும் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். ‘ஆம்’, ‘வாஸ்’ வரலாம். ‘ஃபீல்’ வரலாம். ‘கெட் அவுட் ஆஃப் யுவர் டெப்த்’ வரலாம். ‘ஐ ஃபவுண்ட் மைசெல்ஃப் அவுட் ஆஃப் மை டெப்த்’ மிக இயல்பாக வரும். இறங்கிய பிறகுதான் தெரிந்தது என்ற பொருள் அதில் தானாக ஏறிவிடுகிறது.

அழுத்தம் கொடுக்க ‘கம்ப்ளீட்லி’, ‘டோட்டலி’, ‘வே’. மென்மையாக்க ‘எ பிட்’, ‘எ லிட்டில்’. ‘வெரி அவுட் ஆஃப் மை டெப்த்’ என்று மட்டும் எழுதாதே, காதில் இடிக்கும்.

4 ஜூன், இரவு 11.20

நேற்று ‘மனப்பாடம் பண்ணிக்கொள்’ என்று எழுதியது பகல் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. நீ கேட்டது ‘ஏன்’ என்று. நான் சொன்னது ‘அப்படித்தான்’ என்று. அது பதில் இல்லை.

எனக்கு ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரை. பத்து வயது இருக்கும். அத்தை மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், ஆற்று நடுவில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கரையிலிருந்து நான் கத்தினேன்: “அத்தான், அங்க நிலைக்குதா?” அவர் சொன்னார்: “நிலைக்குதுடா, வா.”

நான் போனேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு நிலைத்தது. எனக்கு நிலைக்கவில்லை. அவர் நிற்கிற இடத்துக்கு இரண்டு எட்டு முன்னாலேயே காலுக்கடியில் மண் இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் மூக்கில் ஏறிய காரம் இன்னும் நினைவிருக்கிறது. பின்னந்தலை முடியைப் பிடித்துத் தூக்கி அவர்தான் கரையில் போட்டார். அத்தை என்னை அடிக்கவில்லை. அத்தானை அடித்தார். “அவன் உசரம் என்ன, உன் உசரம் என்ன?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

தம்பி, உன் கேள்விக்கு அத்தை அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார். ஆறு ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். அத்தானுடைய டெப்த் வேறு, என்னுடைய டெப்த் வேறு. இந்தத் தொடரில் ‘டெப்த்’ என்பது தண்ணீரின் ஆழத்தைச் சொல்லவில்லை. கால் தரையில் ஊன்றி, தலை நீருக்கு வெளியே இருக்க, ஒருவர் எவ்வளவு தூரம் போகலாமோ அந்த அளவைச் சொல்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் ‘மை’.

‘ஆழம்’ என்று மொழிபெயர்த்ததால்தான் நீ குழம்பினாய். நானும் இருபது வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதற்குத் தமிழ்ச் சொல் ‘ஆழம்’ ஆகாது, ‘நிலை’. நிலைக்கிற தண்ணீர், நிலைக்காத தண்ணீர். ‘ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த்’ என்றால் ‘எனக்கு நிலைக்கவில்லை’. அவ்வளவுதான்.

5 ஜூன், மதியம்

நேற்றுச் சொன்னதோடு சேர்த்துப் படிக்க. இங்கிலாந்துக் கடற்கரையில் குழந்தையிடம் ‘டோண்ட் கோ அவுட் ஆஃப் யுவர் டெப்த்’ என்று பெற்றோர் சொன்னால் அது மரபுத்தொடர் இல்லை, நேர்ப்பொருள். நிலைக்காத இடத்துக்குப் போகாதே. அந்த நேர்ப்பொருள் அங்கே இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்கர்கள் அதே இடத்தில் ‘இன் ஓவர் யுவர் ஹெட்’ என்பதை அதிகம் சொல்வார்கள். தண்ணீர் தலைக்கு மேல்.

அதோடு, எதிர்ச்சொல் கிடையாது என்று 3ஆம் தேதி எழுதியது தவறு. ‘விதின் யுவர் டெப்த்’ உண்டு. ‘ஸ்டே விதின் யுவர் டெப்த்’ என்று நீச்சல் எச்சரிக்கையாகச் சொல்வார்கள். நிலைக்கிற இடத்திலேயே இரு. அறிவு, திறமை பற்றிப் பேசும்போது இது குறைவாகத்தான் வரும். ஆனால் இல்லை என்று நான் சொல்லியிருக்கக்கூடாது.

6 ஜூன், இரவு

ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: “கிரிக்கெட் செய்தியில தினமும் ‘தி விசிட்டர்ஸ் லுக்ட் அவுட் ஆஃப் டெப்த்’னு படிக்கிறோம். அச்சுல வருது. நீங்க இல்லவே இல்லைனு எப்படிச் சொல்லலாம்?”

அவர் சொல்வது சரி. ‘இல்லவே இல்லை’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் ‘தெய்ர்’ இல்லாமல் இந்தத் தொடர் வருகிறது. தலைப்பில் இடம் குறைவு, சுருக்கி எழுதுகிறார்கள், அப்புறம் அதுவே உள்ளே வாக்கியத்துக்கும் இறங்கிவிடுகிறது. படிப்பவருக்குப் புரியவும் செய்கிறது.

ஆனாலும் விண்ணப்பம், அலுவலக மெயில், தேர்வு, நேர்முகம் என்று எதற்கு எழுதினாலும் அந்தச் சொல்லைப் போட்டே எழுதுங்கள். போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. விட்டால் சிலர் கண்ணில் அது உறுத்தும்.

இன்னொன்று. ஆட்கள் பலர் என்பதற்காக ‘அவுட் ஆஃப் தெய்ர் டெப்த்ஸ்’ என்று பன்மை வேண்டாம். பதினொரு பேர் ஆனாலும் ‘தெய்ர் டெப்த்’தான். இதை வகுப்பில் மாதம் ஒரு தடவையாவது திருத்துகிறேன்.

6 ஜூன், சற்றுப் பின்

கிரிக்கெட் என்றதும் நினைவு வந்தது. ‘பேட்டிங் டெப்த்’ என்று தமிழ் வர்ணனையிலேயே சொல்கிறார்களே, அது இந்தக் குடும்பம் கிடையாது. எட்டாவது, ஒன்பதாவது ஆட்டக்காரர் வரை மட்டை பிடிக்கத் தெரிந்தவர்கள் அடுக்கி நிற்கிறார்கள் என்று அர்த்தம். கால்பந்தில் ‘ஸ்ட்ரெங்த் இன் டெப்த்’ என்பார்கள். முதல் அணியில் ஒருவருக்கு அடிபட்டால் அதே தரத்தில் வெளியே உட்கார்ந்திருப்பவர் உண்டு. வரிசைக்குப் பின்னால் வரிசை, அதுதான் அங்கே ‘டெப்த்’.

9 ஜூன், இரவு 12.05

‘இன் டீப் வாட்டர்’ என்றாலும் இதே பொருள்தானா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

2014இல் வகுப்பு எடுப்பதோடு மொழிபெயர்ப்பு வேலையும் பார்த்தேன். வெளியூர் நிறுவனம் ஒன்று காப்பீட்டு ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியது. 40 பக்கம், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. பணம் தேவைப்பட்ட நேரம். வாங்கிக்கொண்டேன். முதல் எட்டுப் பக்கம் ஓடியது. பிறகு ‘இண்டெம்னிட்டி’ வந்தது, ‘சப்ரோகேஷன்’ வந்தது. அகராதியில் பொருள் இருக்கிறது, ஆனால் அந்தச் சொல் சட்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒரு சொல்லைப் போட்டால் நாளைக்கு யாரோ ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

ஒன்பது நாள் வைத்துக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் அவர்களுக்கு எழுதினேன்: ‘ஐ ஆம் இன் டீப் வாட்டர் வித் திஸ் டாக்குமெண்ட்.’ பிடிபடவில்லை என்று சொல்வதாக நினைத்துத்தான் எழுதினேன்.

அரைமணியில் தொலைபேசி வந்தது. பேசிய அம்மா மிகவும் நல்லவர். என்ன ஆயிற்று, ஏதாவது சிக்கலா, ஆவணம் வெளியே போய்விட்டதா, யாராவது வழக்குப் போட்டுவிட்டார்களா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. ‘இன் டீப் வாட்டர்’ என்றால் சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். கடன், வழக்கு, மேலதிகாரியோடு தகராறு, இப்படி ஏதோ ஒன்று. திறமை போதவில்லை என்பதை அது சொல்லாது. நீச்சல் நன்றாகத் தெரிந்தவரும் ‘டீப் வாட்டரில்’ இருக்கலாம். ‘அவுட் ஆஃப் மை டெப்த்’ என்றால் குறை தண்ணீரில் இல்லை, என் உயரத்தில்.

நான் எழுதியிருக்க வேண்டியது: ‘தி லீகல் கிளாசஸ் ஆர் அவுட் ஆஃப் மை டெப்த்.’ அதுவும் பத்தாம் நாளில் இல்லை, முதல் நாளில். அந்த ஒன்பது நாளில் அவர்கள் வேறு ஆளைத் தேடியிருப்பார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

10 ஜூன், காலை

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். ‘தி லீகல் கிளாசஸ் ஆர் அவுட் ஆஃப் மை டெப்த்’ என்று எழுதினேனே, அதைக் கண்டிப்பான ஆசிரியர் ஏற்கமாட்டார். ஆற்றில் இறங்குவது ஆள். அதனால் எழுவாயும் ஆளாக இருப்பதுதான் நல்லது: ‘ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த் வித் தி லீகல் கிளாசஸ்.’ பொருளை எழுவாயாக வைக்க வேண்டும் என்றால் ‘தி லீகல் கிளாசஸ் ஆர் பியாண்ட் மீ’ என்று எழுதலாம். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிற நானே இரவு பன்னிரண்டு மணிக்கு வழுக்கியிருக்கிறேன். படித்தவர்கள் மன்னிக்கவும்.

12 ஜூன், மாலை

இன்று மேட்டூர் அணை திறந்திருக்கிறார்கள். எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

‘பியாண்ட் மை டெப்த்’ சரியா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். சரிதான் அம்மா, வெகு பழையதும்கூட. ஷேக்ஸ்பியரின் ‘எட்டாம் ஹென்றி’ நாடகத்தில் வருகிறது. அந்த நாடகம் நடந்துகொண்டிருந்தபோதுதான் 1613 ஜூன் 29 அன்று லண்டனில் குளோப் அரங்கம் தீப்பற்றி எரிந்தது. அதில் கார்டினல் வுல்சி, மன்னருக்கு அடுத்தபடி எல்லா அதிகாரமும் கையில் வைத்திருந்தவர், வீழ்ந்த பிறகு தனியே நின்று பேசுவார். காற்றடைத்த பையைக் கட்டிக்கொண்டு நீந்தும் விளையாட்டுப் பிள்ளைகளைப் போலப் புகழ்க்கடலில் பல கோடை நீந்தினேன், என் நிலைக்கு வெகு தூரம் அப்பால் போய்விட்டேன், பை வெடித்துவிட்டது என்பது அவர் பேச்சின் சாரம். அங்கேதான் ‘ஃபார் பியாண்ட் மை டெப்த்’.

நான் கல்லூரியில் இதைப் படித்தபோது அந்தப் ‘பிளாடர்ஸ்’ என்ற சொல்லில் முட்டி நின்றேன். சிறுநீர்ப்பையை வைத்து எப்படி நீந்துவது? எங்கள் பேராசிரியர் தஞ்சாவூர்க்காரர். அவர் ஒரே வரியில் சொன்னார்: “நம்ம ஊர்ல சுரைக்குடுக்கை கட்டி விடுவாங்கள்ல, அது மாதிரி அவங்க ஆட்டுப்பை, மாட்டுப்பையை ஊதிக் கட்டிக்குவாங்க.” வகுப்பே ‘ஓ’ என்றது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கிவிடப்பட்ட பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். குடுக்கை இருக்கும்வரை எவ்வளவு ஆழமும் பயமில்லை. கயிறு அவிழ்ந்த கணத்தில்தான் நிலை என்றால் என்ன என்று தெரியும்.

வுல்சியின் குடுக்கை மன்னரின் தயவு. 1529இல் அது அவிழ்ந்தது, அடுத்த வருஷமே இறந்துவிட்டார். இந்தத் தொடரை இவ்வளவு பொருத்தமாகச் சொல்லிக்கொண்ட இன்னொருவரை நான் படித்ததில்லை.

13 ஜூன்

“தமிழில் இதற்கு நேர் பழமொழி ‘தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன’ தானே?” என்று ஒருவர். படம் ஒன்றுதான், பேச்சு வேறு. அது துணிந்து கைவிட்டவர் பேச்சு. இனி எவ்வளவு ஏறினால் என்ன என்று சொல்கிறது. ஆங்கிலத் தொடரில் அந்த விரக்தி இல்லை. இரண்டு எட்டு பின்னால் வந்தால் கால் ஊன்றிவிடும் என்பதும் அதற்குள் இருக்கிறது.

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது இறங்கும் முன் சொல்வது. ‘அவுட் ஆஃப் மை டெப்த்’ இறங்கிய பின் சொல்வது. உணர்ச்சிக்கு மிக அருகில் வருவது ‘கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு’. அதில் தண்ணீரே இல்லை, ஆனாலும் புது வேலையில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்பதை அது முழுசாகச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு வாசகர் குறள் காட்டியிருக்கிறார்: ‘நெடும்புனலுள் வெல்லும் முதலை அடும்புனலின் நீங்கின் அதனைப் பிற.’ நல்ல இடம் பிடித்தார். ஆனால் அது ஆங்கிலத்தில் ‘அவுட் ஆஃப் ஒன்ஸ் எலிமெண்ட்’ என்பதற்குப் பொருந்தும். முதலைக்குத் திறமை குறையவில்லை, இடம் மாறிவிட்டது. ஆழத்தில் ராஜா, கரையில் ஏமாளி. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட இனி இந்தக் குறளைத்தான் சொல்லப்போகிறேன். வாசகருக்கு நன்றி.

15 ஜூன், இரவு

இன்றைக்கு வந்த ஒரு கடிதம். பெயர், ஊர் எதுவும் எழுதவில்லை. “என் வருடாந்திர மதிப்பீட்டில ‘ஷீ அப்பியர்ஸ் அவுட் ஆஃப் ஹெர் டெப்த்’னு எழுதியிருக்காங்க அண்ணா. இது எவ்வளவு மோசம்?”

அம்மா, மறைக்காமல் சொல்கிறேன். கடுமையான சொல்தான். தன்னைப் பற்றி ஒருவர் இதைச் சொன்னால் பணிவு, நேர்மை. அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் ‘இந்த வேலைக்கு இவர் போதாது’ என்ற தீர்ப்பு. பிரிட்டனில் அமைச்சர்களையும் கால்பந்துப் பயிற்சியாளர்களையும் பத்திரிகைகள் சாடும்போது எடுக்கும் சொல் இது. ஒரே தொடர், வாய் மாறினால் எடை மாறுகிறது. ஆங்கிலம் படிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டே இதை எழுத வேண்டும். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரைப் பற்றி எழுதும்போது ‘நீட்ஸ் மோர் சப்போர்ட் வித்’ என்று எழுதினாலும் சேதி போய்ச் சேரும்.

ஒன்று கவனியுங்கள் அம்மா. அந்த வரியில் ‘அப்பியர்ஸ்’ இருக்கிறது. ‘தெரிகிறது’ என்கிறார்கள், ‘இருக்கிறார்’ என்று சொல்லவில்லை. எந்தப் பணியில் அப்படித் தெரிந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது.

எங்கள் ஆற்றைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எந்த இடத்தில் முழங்காலளவு, எந்த இடத்தில் இடுப்பளவு, எங்கே ஆளுயரம் என்று ஊருக்கே மனப்பாடம். இப்போது மணல் அள்ளிய குழிகள் இருக்கின்றன. மேலே தண்ணீர் ஒன்று போலத்தான் ஓடும். முழங்காலளவு என்று நம்பி எடுத்து வைக்கிற அடுத்த அடி ஆளை விழுங்கும் பள்ளம். அங்கே மூழ்கிய பிள்ளைக்கு நிலை தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. தரையைத் தோண்டியவர்களைக் கேட்க வேண்டும். வேலையிலும் அப்படி நடப்பது உண்டு. சொல்லிக்கொடுக்காமல், ஆள் கொடுக்காமல், தேதியை மட்டும் முன்னால் இழுத்துவிட்டு, அப்புறம் ‘அவுட் ஆஃப் ஹெர் டெப்த்’ என்று எழுதுகிறார்கள்.

16 ஜூன்

நேற்றைய குறிப்பைப் படித்த பலர் ‘த்ரோன் இன் அட் தி டீப் எண்ட்’ பற்றிக் கேட்டார்கள். ஆமாம், நான் சொல்ல வந்தது அதைத்தான். நீச்சல்குளத்தின் ஆழமான முனையில் எடுத்த எடுப்பிலேயே தூக்கிப் போடுவது. பயிற்சி இல்லாமல் கடினமான வேலையைக் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். இதில் குறை போட்டவரிடம். அமெரிக்கர்கள் ‘இண்டு தி டீப் எண்ட்’ என்பார்கள்.

‘கோ ஆஃப் தி டீப் எண்ட்’ முற்றிலும் வேறு. அது ஆத்திரத்தில் கட்டுமீறிக் கத்துவது. இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

‘அபவ் மை பே கிரேட்’ இதே பொருளா என்றும் ஒரு கேள்வி. அது அதிகாரத்தைப் பற்றியது. முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை. தெரியவில்லை என்று அதற்குப் பொருள் வராது.

18 ஜூன், ஞாயிறு

முதல் நாள் ‘இன் டெப்த்’ பற்றி அரைகுறையாகச் சொல்லி நகர்ந்தேன். பெயருக்கு முன்னால் வந்தால் நடுவில் சிறுகோடு: ‘இன்-டெப்த் ஸ்டடி’. வினைக்குப் பின்னால் வந்தால் கோடு இல்லை: ‘வீ ஸ்டடீட் இட் இன் டெப்த்’. சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவதைத் தவிர்க்கவும்.

பன்மை ‘டெப்த்ஸ்’ எங்கே வரும்? கடலின் அடி, துயரத்தின் அடி, குளிர்காலத்தின் நடு. ‘தி டெப்த்ஸ் ஆஃப் டெஸ்பேர்.’ சங்கீதம் 130 தமிழில் ‘ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தில் அது ‘அவுட் ஆஃப் தி டெப்த்ஸ்’. பார்த்தீர்களா, ‘அவுட் ஆஃப்’ அங்கேயும் இருக்கிறது. ஆனால் அங்கே பொருள் ‘உள்ளிருந்து’, இங்கே பொருள் ‘தாண்டி வெளியே’. ஒரே முன்னிடைச்சொல் இரண்டு வேலை பார்க்கிறது.

வேதாகமத்தைத் திறந்ததால் 69ஆம் சங்கீதத்துக்கும் போனேன். போய் நின்றுவிட்டேன். 1611ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ‘வேர் தேர் இஸ் நோ ஸ்டாண்டிங்’ என்று இருப்பது தமிழில் ‘நிற்க நிலையில்லை’ என்று இருக்கிறது. அடுத்த வரியிலேயே ‘நிலையாத ஜலத்தில்’. எங்கள் அத்தான் ஆற்றில் நின்று சொன்ன அதே சொல். 4ஆம் தேதி ‘நிலை’ என்று எழுதும்போது அது எங்கள் ஊர்ப் பேச்சு மட்டும்தானோ என்று கொஞ்சம் தயக்கம் இருந்தது. இனி இல்லை.

21 ஜூன்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘ஐ காண்ட் ஃபேதம் இட்’ என்பதும் ஆழத் தொடர்தானே என்று நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர். ஆமாம். ஃபேதம் என்றால் 6 அடி. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விரித்த இரு கைகள், அணைப்பு என்று பொருள். கயிற்றைக் கைவிரித்துக் கைவிரித்து அளந்து கடலில் இறக்குவார்கள். அடி தட்டவில்லை என்றால் அளக்க முடியவில்லை. அதிலிருந்து, புரியவில்லை.

அந்த வாசகர் எழுதுகிறார்: “எங்க கடல்ல பாகம்னு சொல்லுவோம் சார். ரெண்டு கையும் விரிச்சா ஒரு பாகம். பத்து பாகத் தண்ணி, பன்னெண்டு பாகத் தண்ணின்னுதான் வலை எறக்குவோம்.” கொங்கு நாட்டில் கிணற்றுக் கயிற்றுக்கு ‘மார்’ என்பார்கள், அதுவும் விரித்த கைதான். மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகோட்டிகள் இரண்டு ஃபேதம் தண்ணீர் இருந்தால் ‘மார்க் ட்வைன்’ என்று குரல் கொடுப்பார்கள். 12 அடி, படகு தட்டாது, போகலாம். அந்தக் குரலைத்தான் ஓர் எழுத்தாளர் தனக்குப் பெயராக வைத்துக்கொண்டார். அளக்கிற கை எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

2 ஜூலை, இரவு

முதல் கேள்வி கேட்ட தம்பி ஐந்து வாக்கியம் எழுதி அனுப்பியிருக்கிறார். நான்கு சரி. ஐந்தாவது: ‘மை ஃபாதர் வாஸ் அவுட் ஆஃப் மை டெப்த் இன் தி பேங்க்.’ அப்பா என்றால் ‘ஹிஸ் டெப்த்’ தம்பி. தண்ணீரில் நின்றவர் அவர்.

அந்த வாக்கியத்துக்குக் கீழே அவர் எழுதியதையும் அவர் அனுமதியோடு போடுகிறேன்: “அப்பா வங்கிக்குப் போய் நகைக்கடன் படிவம் நிரப்பத் தெரியாம ஒரு மணி நேரம் நின்னுட்டு வந்துட்டார் அண்ணா. யார்கிட்டயும் கேக்கல. நான் திட்டிட்டேன்.”

நாளைக்கு அப்பாவோடு நீயும் போ. படிவத்தை நீ நிரப்பாதே, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு. ஆங்கில வாக்கியத்தைத் திருத்தி அனுப்பு, பார்க்கிறேன்.

3 ஜூலை, காலை

ஒன்று விட்டுப்போயிற்று. அலுவலகத்தில் தமிழிலேயே இதைச் சொல்ல வேண்டும் என்றால் எப்படி என்று கேட்டிருந்தாய். ‘எனக்கு இதில் நிலையில்லை’ என்று எழுதினால் மனம் நிலையில்லாதவன் என்று எடுத்துக்கொள்வார்கள், வேண்டாம். ‘இது எனக்குக் கால் எட்டாத இடம், தெரிந்த ஒருவர் கூட இருந்தால் செய்துவிடுவேன்’ என்று எழுதிப் பார். நேற்று நான் எழுதிப் பார்த்தேன், சரியாக இருந்தது.